என் எழுத்துக்கு அவர் அனுமதி

அந்தப் பத்திரிகையைச் சித்த இப்படிக் காட்டுங்கக்கா. இல்லைங்க, பொண்ணு யாரு மாப்பிள்ளை யாருன்னு பார்க்கறதுக்கில்ல. எழுத்தைப் பார்க்கணும். ஆமா, அதேதான். 'வாழ்த்தியருள'ன்னு போட்டிருக்குது பாருங்க, அந்த 'ழ' வாலைச் சுருட்டிட்டு நிக்குதில்ல? அது நான் போட்டது.

அச்சாபீஸ்ல வேலையான்னா கேட்கறீங்க? இல்லைங்க. அந்த எழுத்தோட உருவத்தையே நான்தான் வரைஞ்சேன்னு சொல்றேன். கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கறோம், வரி வரியா வந்து விழுது. அது என்ன உருவத்துல விழணும்னு யாராச்சும் ஒருத்தர் உக்காந்து வரையணுமில்லீங்க? ஃபான்ட்டுன்னு சொல்லுவாங்க. இதுக்குப் பேரு கொடிவேரி. ஆமா, கோபி பக்கத்துல இருக்கற அதே கொடிவேரிதான். அணையில தண்ணி வழியறப்ப ஒரு வளைவு வருமில்ல, அதை மனசுல வெச்சு வரைஞ்சது. அந்த ஆளு முட்டம்னு பேர் வெக்கலாம்னாரு. அவருக்கு நாகர்கோவில் பக்கம். எல்லாத்துலயும் கடல் வந்தாகணும் அவருக்கு. நான் விடல. என் எழுத்து, என் ஊர்ப் பேருதான்னுட்டேன்.

அந்த ஆளு யாருன்னா... என் வீட்டுக்காரர். வீட்டுக்காரரா இருந்தவர். கிளாட்சன்னு பேரு.

பத்திரிகையை வெச்சுக்கிட்டு இப்படிப் பேசறனேன்னு நினைக்காதீங்க. நல்ல காரியத்துக்குத்தான் ரயிலேறியிருக்கீங்க. எழுத்துக்கு என்னங்க, அதுக்குக் கல்யாணமும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது.

கோயமுத்தூர் கணபதியில ஒரு மாடிப் போர்ஷன்ல இருந்தோம். பகல்ல ரெண்டு பேரும் வேற வேற விளம்பரக் கம்பெனியில வேலை. வீட்டுக்கு வந்தா இதுதான். நான் பேப்பர்ல வரைவேன். அவர் கம்ப்யூட்டர்ல ஏத்துவாரு. எல்லாம் நான்தாங்க வரைஞ்சது. அவர் பண்ணினது என்னன்னா, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும், புள்ளி எங்க உக்காரணும், கொம்பு எவ்வளவு ஒட்டி நிக்கணும், அதுதான். வெறும் காலியிடம்! மூணு வருசம் காலியிடத்தை நகர்த்திட்டே இருந்தாருக்கா. 'இது போதும், விடுங்க'ன்னு சொன்னா, 'கொஞ்சம் நெருக்கமா இருக்கு, மூச்சு முட்டுது'ம்பாரு. எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு.

ஏன் பிரிஞ்சீங்கன்னு வாயெடுத்துட்டுக் கேட்காம விட்டீங்க பாருங்க, நீங்க நல்லவங்க. எல்லாரும் கேட்பாங்க. குடிக்க மாட்டாரு, கை நீட்டினதில்ல. ஒண்ணு கேட்டா பதில் வராது. அவ்வளவுதான். நான் கத்துவேன், அவர் ஸ்கிரீனைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாரு. ஒரு மனுசி எத்தனை நாளைக்குச் சுவரோட சண்டை போடறது? குடும்ப நீதிமன்றத்துல போய் நின்னோம். ஃபிரிட்ஜு எனக்கு, வாஷிங் மிஷினு அவருக்கு, பீரோ எனக்கு. எல்லாம் பிரிச்சாச்சு. கொடிவேரி யாருக்குன்னு ஜட்ஜும் கேட்கல, வக்கீலும் கேட்கல. எங்களுக்கும் தோணல.

வெளிய வராண்டாவுல வெச்சு அவர் கேட்டாரு, "ஃபான்ட்டை என்ன செய்ய?"ன்னு. நான் இருந்த கோபத்துல, "என்ன வேணா பண்ணிக்குங்க. உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரு இனி எங்கயும் இருக்கக் கூடாது"ன்னேன். விக்கிறதுல உனக்கும் பங்கு உண்டுன்னு பின்னால ஒருக்கா சொல்லி விட்டாரு. வேண்டாம்னுட்டேன். அவர் மெட்ராசுக்குப் போயி ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிச்சு, கொடிவேரியை விக்க ஆரம்பிச்சாரு. அதுல என்ன போட்டிருந்தாருங்கறீங்க? 'வடிவமைப்பு: கிளாட்சன்'. அவ்வளவுதான்! என் பேரே இல்ல!

நீங்கதானே போடக் கூடாதுன்னீங்கன்னா கேட்கறீங்க? சொன்னேன்தான். கோபத்துல சொன்னதை அப்படியே எடுத்துக்குவாங்களாங்க ஒருத்தர்?

சரி, அது கிடக்கட்டும். விசயத்துக்கு வர்றேன்.

நான் அப்புறம் வேலையை விட்டுட்டு, ஷாகுல்னு ஒரு தம்பி, குனியமுத்தூர்க்காரன், அவனோட சேர்ந்து கேம் பண்ண ஆரம்பிச்சேன். ஃபோன்ல குழந்தைங்க விளையாடற கேமு. துப்பாக்கி, வெட்டு குத்து எல்லாம் இல்லைங்க. 'சந்தைக்குப் போலாம்'னு பேரு. வாரச் சந்தையில குழந்தை ஒரு கடை போடணும். வர்றவங்க என்ன வேணும்னு தமிழ்ல கேட்பாங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சு எடுத்துக் குடுக்கணும். அதுல விசேசம் என்னன்னா, குழந்தை தன் பேரை டைப் பண்ணினா அந்தப் பேரு கடைப் பலகையில பெருசா வந்து நிக்கும். இங்கிலீசு மீடியத்துல படிக்கற குழந்தைங்க, தன் பேரைத் தமிழ்ல அவ்வளவு பெருசாப் பார்த்தே இருக்காதுங்க. ஷாகுல் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதினான். நான் படம் வரைஞ்சேன். எழுத்துக்கு எங்க போறது? என் லேப்டாப்புலதான் கொடிவேரி இருக்குதே. போட்டேன்.

ரெண்டு வருசம் உழைச்சோம். பெங்களூர்ல ஒரு கம்பெனி வெளியிட ஒத்துக்கிச்சு. கடைசியில அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க: 'இதுல இருக்கற ஃபான்ட்டுக்கு கேம் லைசன்ஸ் எங்க?'

"அக்கா, லைசன்ஸ் கேட்கறாங்க"ன்னான் ஷாகுல்.

"என் எழுத்துடா. நான்தான் லைசன்ஸு"ன்னேன்.

"அப்படி எழுதி அனுப்ப முடியாதுக்கா. வெப்சைட்டுல வேற பேரு இருக்குது."

போய்ப் பார்த்தா, அந்த ஆளு சைட்டுல தெளிவாப் போட்டிருக்காரு. பத்திரிகை அடிக்கலாம், புஸ்தகம் போடலாம், போர்டு வெக்கலாம். ஃபான்ட்டை வாங்கினவங்க தாராளமாப் பண்ணிக்கலாம். ஆனா கேமுக்குள்ள வெக்கணும்னா தனியா எழுத்து மூலமா அனுமதி வேணும். அது ஏன்னு ஷாகுல் எனக்கு விளக்க வர்றான், எனக்கே! உங்களுக்குச் சொல்றேன். இந்தப் பத்திரிகையில இருக்கறது வெறும் மை. இதிலிருந்து என் 'ழ'வை யாரும் உருவ முடியாது. ஆனா ஒருத்தர் பேரை டைப் பண்ணப் பண்ண எழுத்து வரணும்னா ஃபான்ட்டு ஃபைலே கேமுக்குள்ள போயாகணும். லட்சம் பேர் கேமை இறக்கினா லட்சம் பேர் கையில ஃபைலு. தெரிஞ்சவன் உருவி எடுத்துக்குவான். அதனால தனி அனுமதி. நியாயம்தான். ஊருக்கெல்லாம் நியாயம். எனக்குமா?

வேற ஃபான்ட்டு போட்டுக்கலாம்க்கா, இலவசமாவே நல்லது எத்தனையோ இருக்குது, கேமுக்குள்ள வெக்கலாம்னே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு ஷாகுல் சொன்னான். முடியாதுன்னேன். நான் பெத்த குழந்தையை ஸ்கூல் வாசல்ல நிறுத்திட்டு வேற குழந்தையை உள்ள அனுப்பறதாங்க?

எனக்குத் தெரியாம அவனே அந்த ஆளுக்கு ஒரு மெயில் போட்டுட்டான். அன்னிக்கே பதில் வந்துச்சு. நான் ஒண்ணு கேட்டா வாரக்கணக்குல பதில் சொல்லாதவரு, ஷாகுலுக்கு அன்னிக்கே! என்ன எழுதியிருந்தாருன்னா: 'நான் தனியா அனுமதி குடுக்க முடியாது. ஃபைலை ஊருக்கு விடணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்னு வரைய ஆரம்பிச்சப்பவே பேசியிருக்கோம். வாணி கையெழுத்துப் போட்டா நானும் போடறேன். இதுவரைக்கும் எந்த கேமுக்கும் நான் குடுத்ததில்ல.' வாணின்னா நான்தாங்க, கோகிலவாணி.

பார்த்தீங்களா திமிரை? குடுக்க மாட்டேங்கறாரு! ஷாகுல், "அக்கா, அவர் குடுக்கறேன்னுதான் எழுதியிருக்காரு"ங்கறான். அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன். நான் போய்க் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? என் எழுத்துல பாதி அவருதுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகாதா?

நான் ஒரு முடிவு பண்ணினேன். நான் வரைஞ்ச பேப்பர் எல்லாம் பீரோவுல பத்திரமா இருக்குது. மறுபடியும் எடுத்து, ஒவ்வொண்ணா நானே ஏத்தறேன். என் கோடு மட்டும். அந்த ஆளோட காலியிடம் ஒரு இம்மி வேண்டாம். காலியிடத்துக்கெல்லாம் ஒருத்தர் உரிமை கொண்டாடுவாங்களா? இடம் விடறது என்ன பெரிய வித்தை, நாமளே விட்டுக்கலாம்னு ஷாகுல்கிட்டச் சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. இந்த ஆம்பளைங்களுக்கே அந்த வியாதி இருக்குதுங்க.

மூணு மாசம் ஆச்சு. கண்ணு செவந்து போச்சு. ஆனா எழுத்து ஒவ்வொண்ணும் அச்சு அசலா வந்துச்சு. கெணத்துக்கடவுல ஒரு ஸ்கூலுக்குக் கொண்டு போனோம், குழந்தைங்க விளையாடறதைப் பார்க்க. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, அருள்மொழின்னு பேரு, ரெட்டை ஜடை, சுறுசுறுப்பு. பேரை டைப் பண்ணுச்சு. பலகையில வந்துச்சு. அது பார்த்துட்டே இருந்துச்சு.

"ஏன் சாமி, நல்லா இல்லையா?"ன்னேன்.

"இது என் பேரு இல்லைங்க மிஸ். மூணு பேரு பேராட்டம் இருக்குது."

குனிஞ்சு பார்த்தேன். 'அரு' ஒரு பக்கம். 'ள்' தனியா. 'மொ' ஒரு பக்கம், அதுல கொம்பு ஒரு ஊரு, காலு ஒரு ஊரு. 'ழி' சண்டை போட்டுட்டுப் போனவளாட்டம் கடைசியில தனியா நிக்குது. எழுத்து ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருந்துச்சுங்க! சேர்ந்து நிக்கல. ஸ்கூல் ஃபோனு பழசு, ஸ்கிரீன் சரியில்லைன்னு நான் சொன்னேன். ஷாகுல் தன் ஃபோனை எடுத்துக் காட்டினான். அதுலயும் அப்படித்தான். அவன் ஃபோனும் பழசுதாங்க.

அந்தக் குழந்தை விளையாடாம எந்திரிச்சுப் போயிருச்சு.

அன்னிக்குத் திரும்பறப்ப பஸ்ல ஷாகுல் சொன்னான், "அக்கா, பெங்களூர்க்காரங்க இந்த மாசத்தோட விட்டுருவாங்க. நான் வேற வேலை தேடிக்கறேன்"னு. அழுதுட்டான். சரி வாடா, மெட்ராசுக்குப் போலாம், அந்த ஆளை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துரலாம்னேன். கெஞ்சறதுக்கில்ல. கேட்கறதுக்கு.

கோடம்பாக்கத்துல ஒரு மாடி. ஒரே ரூமு. ரெண்டு மேசை, ஒரு ஃபேனு. எங்களைப் பார்த்ததும் எந்திரிச்சாரு. மெலிஞ்சு போயிருந்தாரு. சாப்பாடு ஒழுங்கா இல்லைன்னு பார்த்தாலே தெரிஞ்சுது. எனக்கென்ன. சட்டைக் காலர் கிழிஞ்சிருந்துச்சு, அதையும் சும்மா சொல்றேன்.

"வா வாணி. இரி"ன்னாரு.

"உக்கார வரல. என் எழுத்துக்கு நான் உங்ககிட்ட அனுமதி கேட்கணுமா?"

"ஆமா."

"அப்புறம் எனக்கு நானே அனுமதி குடுக்கணுமா?"

"ஆமா, அதுவும் வேணும்."

ஷாகுல் சிரிச்சுட்டான். நான் முறைச்சேன்.

"நீங்க என்ன வரைஞ்சீங்க இதுல? ஒரு கோடு வரைஞ்சிருக்கீங்களா?"

"ஒரு கோடும் வரையல்ல."

"அப்புறம்?"

அவர் ஸ்கிரீனை எங்க பக்கம் திருப்பினாரு. கொடிவேரிதான். பிரிஞ்சு இத்தனை வருசமாச்சு, மனுசன் இன்னும் அதையேதான் நகர்த்திட்டு இருக்காருக்கா! பழைய ஃபோன்ல எப்படித் தெரியும், சின்ன ஸ்கிரீன்ல எப்படித் தெரியும்னு வரிசையா வெச்சிருக்காரு. "கொம்பு எல்லாம் இப்போ சரியாச்சு. 'ழ'க்கும் 'ி'க்கும் நடுவுல மட்டும் இன்னும் திருப்தி வரல்ல"ன்னாரு. அப்புறம் மெதுவா, "உன் கோட்டை ஒண்ணும் தொடல்ல, கேட்டியா"ன்னாரு.

"தொட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்"னேன்.

ஷாகுல் குறுக்க பூந்து, "சார், அருள்மொழின்னு அடிங்க"ன்னான். அவர் அடிச்சாரு. ஸ்கிரீன்ல வந்துச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டேன். வெளிய ஒரே புகை, கண்ணு எரிஞ்சுது. மெட்ராஸ்ல எப்பவும் அப்படித்தாங்களே.

அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து வெச்சாரு. அனுமதிப் பத்திரம். வடிவமைப்புன்னு போட்டு முதல்ல கோகிலவாணி, அடுத்து கிளாட்சன். நான் விடுவனா? நானும் ஒரு கண்டிசன் போட்டேன். "இனிமே எவன் வந்து கேமுக்குன்னு கேட்டாலும் என் கையெழுத்து இல்லாம குடுக்கக் கூடாது. இலவசமாக் கூடக் குடுக்கக் கூடாது."

"ரெண்டாவது பாராவில அதுதான் இருக்கு"ன்னாரு.

படிச்சுப் பார்த்தேன். இருந்துச்சு. ஆனா நான் கேட்டதுக்கு அப்புறம்தானே காட்டினாரு? அப்ப ஜெயிச்சது யாரு? போட்டேன் கையெழுத்தை, பேனா பேப்பரைக் கிழிக்கற மாதிரி அழுத்தி. இன்னைக்கு வரைக்கும் தான்தான் விட்டுக்குடுத்ததா நினைச்சுட்டு இருப்பாரு. நினைச்சுக்கட்டும்.

கேமு வந்துச்சுங்க. நல்லாவே போகுது. கெணத்துக்கடவு ஸ்கூலுக்கு மறுபடியும் போனோம். அந்த அருள்மொழி பலகையைப் பார்த்துச்சு. பக்கத்துல இருந்த பொண்ணை இழுத்து, "இது என் கடை. உனக்கு என்ன வேணும், சொல்லு"ன்னுச்சு. ஷாகுல் என்னைப் பார்த்தான். "எழுத்து நல்லா இருக்குதில்ல?"ன்னேன். "இடமும் நல்லா இருக்குதுக்கா"ன்னான். வாய் ஜாஸ்தி அவனுக்கு.

சைட்டுல இப்ப என் பேரும் போட்டிருக்காரு. அதைப் பார்த்துட்டு, கேமுக்குக் கொடிவேரி வேணும்னு நிறையப் பேர் கேட்கறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமில்ல? ரம்மி ஆடற கேமுக்கு ஒருத்தன் கேட்டான். அவர் எனக்கு அனுப்பறதுக்கு முன்னாலயே முடியாதுன்னுட்டாரு. எப்படி என்னைக் கேட்காம முடியாதுன்னு சொல்லலாம்னு அதுக்கொருக்கா மெட்ராஸ் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன். நானும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அது வேற. கார் ரேஸ் ஒண்ணு வந்துச்சு, அதுக்கொருக்கா போனேன். கொரியாக்காரங்க ஒருத்தங்க தமிழ்ல பண்றாங்களாம், அதுக்கொருக்கா. போற வழியில அவருக்கு ஒரு சட்டை எடுத்துட்டுப் போனேன். காலர் கிழிஞ்ச ஆளோட பேரு என் பேருக்குப் பக்கத்துல இருந்தா எனக்குத்தானே கேவலம்?

இப்ப வெளிநாட்டுல ஈப்போவுல இருந்து ஒரு பேய்க் கேமு. பாழடைஞ்ச பங்களா, சுவர்ல ரத்தத்துல எழுத்து. என் 'ழ' ரத்தம் சொட்டணுமாம்! அவருக்கு அது பிடிச்சிருக்குது. நல்லா இருக்கும், போட்டுக் குடுக்கலாம்னு மெசேஜ் அனுப்பியிருக்காரு. எவ்வளவு தைரியம் பாருங்க.

போடப் போறதில்லைங்க. சத்தியமாப் போட மாட்டேன். அதைச் சொல்றதுக்குத்தான் மெட்ராஸ் போயிட்டு இருக்கேன்.

ஃபோன்லயா? சொல்லலாம்தாங்க. ஃபோன்லயே கையெழுத்துப் போடக் கூட வசதி இருக்குதாம், ஷாகுலும் அதைத்தான் சொல்லிட்டே இருக்கான். ஆனா நீங்களே சொல்லுங்கக்கா, அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் ஃபோன்ல சொன்னா உறைக்குமா?